ஆட்டின் ஏப்பம்

ஆடு ஏப்பம் விடுவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க முடியாது. நம்மில் சிலரைப் போல, இலையை விட்டு எழுந்ததும் பந்தி முழுவதற்கும் கேட்கும்படி அது ஏப்பம் விடுவதில்லை. சத்தமில்லாமல், ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை, நிற்கும்போதும் படுத்திருக்கும்போதும் விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஏப்பத்தைப் பிடித்து அளந்து, அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, வராமல் செய்ய முடியுமா என்று கெட்டிக்கார மனிதர்கள் பலர் நூறு வருஷங்களுக்கும் மேலாக மண்டையை உடைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஒரு தேசத்தின் பார்லிமெண்டு வாசற்படியில் ஒரு டிராக்டர் ஏறியதும் இந்த ஏப்பத்தை முன்னிட்டுத்தான்.

கதை எழுதுகிறவனுக்கு ஆட்டு வயிற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விஷயத்திலாவது நல்லவன் யார், கெட்டவன் யார் என்று சட்டென்று சொல்ல முடியாமல் போனால், அதை விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வராது. ஆட்டின் ஏப்பம் அப்படிப்பட்ட விஷயம். கொஞ்சம் பொறுமையாக உடன் வாருங்கள்.

கொள்ளிவாய்ப் பிசாசிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏரிக்கரையிலும் சதுப்பு நிலத்திலும் இருட்டில் பக்கென்று நெருப்புத் தோன்றி மறையும் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிப் பயமுறுத்துவார்கள் அல்லவா? அழுகிய இலை தழைகளிலிருந்து கிளம்பும் வாயு பற்றிக்கொள்வதுதான் அது என்று பிற்காலத்துப் பாடப்புத்தகங்கள் பிசாசை விரட்டிவிட்டன. அந்த வாயுவை முதலில் புட்டியில் அடைத்து ஆராய்ந்தவர் இத்தாலியரான அலெஸாண்ட்ரோ வோல்ட்டா. மின்சாரக் கலத்தைக் கண்டுபிடித்து, 'வோல்ட்' என்ற அளவுக்குத் தம் பெயரைக் கொடுத்தாரே, அவரேதான். 1776-ஆம் வருஷம் நவம்பர் மாதம் மஜோரே ஏரியின் ஓரத்தில் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்தார், நெருப்பைக் காட்டினார், எரிந்தது. பின்னால் இதற்கு 'மீதேன்' என்று பெயர் வந்தது. நம் நாட்டில் சாண எரிவாயு அடுப்பில் நீலமாக எரிவதும் பெரும்பாலும் இதுதான்.

ஏரிச் சேற்றில் இருக்கும் வாயுவுக்கும் ஆட்டின் ஏப்பத்துக்கும் என்ன உறவு? இரண்டும் ஒன்றே. ஆட்டின் வயிற்றுக்குள் ஒரு சின்னச் சதுப்பு நிலம் இருக்கிறது.

*

'பழைய நினைவுகளை அசைபோட்டான்' என்று எங்கள் கதைகளில் அடிக்கடி எழுதுகிறோம். அசைபோடுவது என்றால் என்ன என்று எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? ஆடும் மாடும் புல்லை அவசர அவசரமாக விழுங்கிவிடும். அது போய்ச் சேருமிடம் ஒரு பெரிய பை. கசாப்புக் கடையில் 'போட்டி' என்று கொடுப்பார்களே, துணித்துண்டுபோல் சொரசொரப்பாக இருக்குமே, அந்தப் பை. இந்தப் பிராணிகளின் வயிற்றில் உள்ள நான்கு அறைகளில் அதுவே மிகப் பெரியது. பெருவயிறு என்று சொல்லிக்கொள்வோம். ஆட்டின் பெருவயிற்றில் பத்து லிட்டர் வரை பிடிக்கும். பிறகு பிராணி நிழலில் படுத்துக்கொண்டு, விழுங்கியதைக் கவளம் கவளமாக வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மென்று, எச்சில் கூட்டித் திரும்பவும் அனுப்புகிறது. அந்த எச்சிலும் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ஆட்டுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 16 லிட்டர் வரை சுரக்கிறதாம்.

இவ்வளவு பாடும் எதற்காக? புல்லின் உடம்பு செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளால் ஆனது. நாம் உடுத்தும் பருத்தித் துணியும் இந்தப் பத்திரிகையின் காகிதமும் அந்தப் பொருளே. அதை உடைத்துச் சத்தாக்கும் சக்தி நம் வயிற்றுக்குக் கிடையாது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஆட்டின் வயிற்றுக்கும் கிடையாது, மாட்டுக்கும் கிடையாது. புல்லைத் தின்றே வாழும் பிராணிக்குப் புல்லைச் சீரணிக்கத் தெரியாது! அப்படியானால் அந்த வேலையைச் செய்வது யார்?

1843-ல் பாரிஸ் நகரத்தில் இரண்டு பேர் இதற்குப் பாதி விடை கண்டார்கள். ஒருவர் டேவிட் குருபி. ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய வைத்தியர். சங்கீத மேதை ஷோப்பானுக்கும் நாவலாசிரியர் டூமாவுக்கும் வைத்தியம் பார்த்த மனிதர். மற்றவர் டெலாஃபோன் என்ற கால்நடை வைத்தியர். அசைபோடும் பிராணிகளின் வயிற்றிலிருந்து எடுத்த சாற்றைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், திருவிழாக் கூட்டம்! கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்கள் நீந்துகின்றன, ஒன்றையொன்று முட்டுகின்றன. இன்றைய கணக்கைச் சொல்கிறேன்: பெருவயிற்றின் சாறு ஒரு மில்லி லிட்டரில் பாக்டீரியாக்கள் மட்டும் 1,000 கோடி இருக்கும். அவற்றைவிடப் பெரிய ஓரணு உயிர்கள் சில லட்சம் இருக்கும்.

நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, 1884-ல், ஜெர்மனியில் ஹெர்மன் டாப்பைனர் என்பவர் மறு பாதியைக் காட்டினார். வயிற்றுச் சாற்றையும் செல்லுலோஸையும் குடுவையில் போட்டுக் கதகதப்பாக வைத்தார். நார் கரைந்தது. அமிலங்கள் பிறந்தன. கரியமில வாயுவும் மீதேனும் கொப்புளித்து மேலே வந்தன. ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கிப் புளிக்கிறதே, அந்த மாதிரியான காரியம்தான். ஆட்டின் பெருவயிறு ஒரு மாவுப் பானை. பானை ஆட்டினுடையது, மாவைப் புளிக்க வைப்பது கிருமிகள். ஆடு புல்லைத் தின்கிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் ஆடு கிருமிகளுக்குப் புல் பரிமாறுகிறது. கிருமிகள் உண்டு மிஞ்சியதை ஆடு சாப்பிடுகிறது. பிறகு கிருமிகளையே சாப்பிட்டுவிடுகிறது.

*

மாவு பொங்கினால் மூடியைத் திறந்து விடலாம். ஆட்டின் வயிறு பொங்கினால்? அதற்குத்தான் ஏப்பம். ஏப்பம் அடைபட்டால் என்ன ஆகும் என்பதை விஞ்ஞானப் புத்தகத்தைவிட ஒரு நாவலில் நன்றாகத் தெரிந்துகொள்ளலாம். தாமஸ் ஹார்டி 1874-ல் வெளியிட்ட 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்' என்ற நாவலைப் படித்த வாசகர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். பத்ஷீபா என்ற இளம் எஜமானி, தன்னிடம் உண்மையைப் பேசிவிட்டான் என்பதற்காக கேப்ரியல் ஓக் என்ற இடையனை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறாள். அடுத்த நாளே அவளுடைய ஆடுகள் வேலியை உடைத்துக்கொண்டு இளம் தீவனப்பயிரில் புகுந்து தின்று, வயிறு உப்பி, பொத்துப் பொத்தென்று விழுகின்றன. வைத்தியம் தெரிந்தவன் சுற்று வட்டாரத்தில் அவன் ஒருவன்தான். கௌரவத்தை விட்டு அவள் கெஞ்சி எழுதிய பிறகு அவன் வருகிறான். ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் சரியான இடம் பார்த்து ஊசிக்குழாயைக் குத்துகிறான். வாயு சீறிக்கொண்டு வெளியேறுகிறது, ஆடு பிழைக்கிறது. மொத்தம் 57 ஆடுகள். 49-ஐக் குத்திப் பிழைக்க வைத்தான் என்று ஹார்டி கணக்கோடு எழுதுகிறார். ஒரு பெண்ணின் அகங்காரத்தையும் ஓர் ஆணின் பொறுமையையும் காட்ட, ஆட்டு வயிற்று வாயுவைப் பயன்படுத்திக்கொண்ட நாவலாசிரியர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை. தொழில் பொறாமையோடு சொல்கிறேன்.

இடையன் உயிரைக் காப்பாற்றக் குத்தினான். பின்னால் வந்தவர்கள் உள்ளே பார்ப்பதற்காகக் குத்தினார்கள். இந்த இடத்தில் ஒரு மனிதனின் கதையும் குறுக்கே வருகிறது. 1822-ல் அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் ஸேன் மார்ட்டின் என்ற கூலியாள் துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்தான். ராணுவ வைத்தியர் வில்லியம் போமண்ட் அவனைப் பிழைக்க வைத்தார். ஆனால் வயிற்றில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. போமண்ட் அந்த ஓட்டை வழியாக நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை உள்ளே விட்டு, எடுத்து, பார்த்து, எழுதினார். சீரணத்தைப் பற்றி உலகம் அதுவரை அறியாத விஷயங்கள் அவர் 1833-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கின்றன. ஸேன் மார்ட்டினுக்கோ இது பிடிக்கவில்லை. அவன் பல தடவை சொந்த ஊருக்குப் போய்விட்டான். 1880-ல் அவன் இறந்தபோது, வைத்தியர்கள் வந்து வயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று அவன் வீட்டார் உடலை அழுக விட்டு, எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள்.

ஆட்டுக்கு அப்படி ஓடிப் போக வழியில்லை. 1928-ல் அமெரிக்காவில் வட டக்கோட்டாவைச் சேர்ந்த ஷால்க், அமடன் என்ற இருவர் மாடுகளின் பெருவயிற்றில் நிரந்தரமான துவாரம் வைத்து ஆராய்ந்ததை வெளியிட்டார்கள். 1930-களின் இறுதியில் பிரிட்டனில் ஆடுகளுக்கும் அந்த மாதிரி வைக்கப்பட்டது. விலாவில் ஒரு வட்டத் துவாரம், அதற்கு ஒரு மூடி. மூடியைத் திறந்தால் உள்ளே கையை விடலாம், சாற்றை எடுக்கலாம், மீண்டும் மூடிவிடலாம். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள், காயம் ஆறிவிடுகிறது, அந்த ஆடுகள் வருஷக்கணக்கில் நன்றாகவே மேய்ந்து வாழ்கின்றன என்பதெல்லாம் உண்மை. இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஸேன் மார்ட்டின் வீட்டார் தோண்டிய எட்டடிக் குழியின் ஞாபகம் வருகிறது. இதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. சொல்லிவிட்டேன்; போகிறேன்.

*

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஸர் ஜோசப் பார்கிராஃப்ட். 1872-ல் அயர்லாந்தில் நியூரி என்ற ஊரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் வாழ்ந்தவர். ரத்தம் பிராணவாயுவை எப்படிச் சுமக்கிறது என்பதே அவருடைய முதல் காதல். உயரமான மலைகளில் காற்று மெலிந்திருக்கும்போது உடம்பு எப்படிச் சமாளிக்கிறது என்று அறிய, 1920-ல் பிராணவாயுவைக் குறைத்த ஒரு கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் தாமே அடைபட்டுக் கிடந்தார்.

இன்னொரு சம்பவம். முதல் உலக யுத்தக் காலம். கொல்லவே கூடாது என்று போதிக்கும் க்வேக்கர் குடும்பத்தில் பிறந்த இவர் விஷவாயு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்க நேர்ந்தது. ஹைட்ரோசயானிக் அமில வாயு மனிதனையும் நாயையும் ஒரே மாதிரி தாக்குமா என்று ஒரு சந்தேகம். முகமூடி இல்லாமல் ஒரு நாயுடன் வாயு நிரம்பிய அறைக்குள் போய் நின்றார். ஒன்றரை நிமிஷத்துக்குள் நாய் சுருண்டு விழுந்தது. இவர் நடந்து வெளியே வந்தார். நாய் செத்ததென்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், அதுவும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது! ஆட்டின் வயிற்றில் துவாரம் வைக்கிறவர்களைப் பற்றி நான் முறையிட்டேன் அல்லவா? இவரைப் பொறுத்தவரை அந்த முறையீடு செல்லாது. பிராணியை அனுப்பும் இடத்துக்குத் தாமும் போய்ப் பார்த்தவர் இவர்.

இரண்டாவது உலக யுத்தத்தின் போது பிரிட்டனுக்குக் கப்பலில் தீவனம் வருவது குறைந்துவிட்டது. இருக்கிற புல்லைக்கொண்டு ஆடுமாடுகளைக் காப்பாற்றியாக வேண்டும். அப்படியானால் புல் எப்படிச் சத்தாகிறது என்று தெரிய வேண்டாமா? 1941-ல் கேம்பிரிட்ஜில் பிராணிகளின் உடலியலுக்கென்று ஓர் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த பார்கிராஃப்ட்டைத் தலைமை வகிக்கச் செய்தார்கள். அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

டாப்பைனரின் குடுவையில் அமிலங்கள் பிறந்ததைச் சொன்னேன். அந்த அமிலங்களால் ஆட்டுக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா, இல்லை எல்லாம் வெறும் கழிவா என்பது அறுபது வருஷங்களாகத் தீராத வழக்காக இருந்தது. பார்கிராஃப்ட்டும், மக்கனாலி, ஃபிலிப்ஸன் என்ற அவருடைய சகாக்களும் வழக்கைத் தீர்த்த விதம் மிக எளியது. பெருவயிற்றிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தை எடுத்தார்கள், உடம்பின் வேறு இடத்து ரத்தத்தையும் எடுத்தார்கள், ஒப்பிட்டார்கள். பெருவயிற்றிலிருந்து வரும் ரத்தத்தில் அமிலம் அதிகம். ஆகவே பெருவயிற்றின் சுவரே அதை உறிஞ்சுகிறது! 1944-ல் இது வெளியாயிற்று. ஸிட்னி எல்ஸ்டன் என்பவர் அந்த அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தார். அவற்றில் முதன்மையானது என்ன தெரியுமா? புளிக்காடியில் உள்ள அஸெட்டிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமான அமிலமும் அதில் உண்டு. ஆட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் 70 சதவிகிதம் வரை இந்த அமிலங்களிலிருந்து வருகிறது. துள்ளிக் குதிக்கும் ஆட்டுக்குட்டியின் தாய், பெரும்பாலும் புளிக்காடியின் பலத்தில் நடமாடுகிறாள் என்று யார் நினைத்திருப்பார்கள்? பார்கிராஃப்ட் 1947 மார்ச்சில் காலமானார்.

*

அமிலத்தின் கணக்கு நேராயிற்று. மீதேனின் கணக்கு? அதற்கும் கேம்பிரிட்ஜிலேயே ஒரு நூல் கிடைத்தது.

1906-ல் ஹாலந்தில் ஸோன்கன் என்ற இளைஞர், சில கிருமிகள் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மீதேன் ஆக்குகின்றன என்று காட்டியிருந்தார். ஒரு பங்கு கரியமில வாயு, நான்கு பங்கு ஹைட்ரஜன் என்பது கணக்கு. 1933-ல் மார்ஜரி ஸ்டீபன்ஸன் என்ற அம்மையார், ஊஸ் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்த கிருமியைக்கொண்டு அதை மேலும் உறுதிப்படுத்தினார். லண்டன் ராயல் சொஸைட்டி முந்நூறு வருஷக் காலத்தில் முதன்முதலாக 1945-ல் இரண்டு பெண்களை அங்கத்தினர்களாகச் சேர்த்துக்கொண்டபோது, அந்த இருவரில் இவரும் ஒருவர்.

ஆட்டு வயிற்றுக் கிருமிகளை வெளியே வளர்த்துப் பார்க்கப் பல பேர் முயன்று தோற்றார்கள். பிராணவாயு பட்டால் அவை செத்துப்போகும். நமக்கு உயிர் தருவது அவற்றுக்கு நஞ்சு. ராபர்ட் ஹங்கேட் என்ற அமெரிக்கர் கறையானின் குடலை ஆராய்வதில் தொடங்கியவர். கறையானும் மரத்தைத் தின்கிறது. அதற்கும் உள்ளே கூலிக்கு ஆள் இருக்கிறது. பிராணவாயுவைத் துரத்திவிட்டு, மூடிய குழாய்க்குள் கிருமிகளை வளர்க்கும் வித்தையை அவர் கண்டுபிடித்தார். குழாயை உருட்டி, உட்புறம் முழுவதும் கூழ் மெல்லிய ஆடைபோல் படியச் செய்வார். அதில் ஒவ்வொரு கிருமியும் தனித்தனிப் புள்ளியாக வளரும். அவர் 1966-ல் எழுதிய புத்தகம் இந்தத் துறைக்கு வேதம்.

ஹங்கேட்டும் அவருக்குப் பின் வந்தவர்களும் காட்டியது இது. நாரை உடைக்கும் கிருமிகள் வேலை செய்யும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அது அடுப்பிலிருந்து வரும் புகை மாதிரி. புகை போக வழியில்லாவிட்டால் சமையல்காரனுக்குக் கண் எரியும்; அடுப்பும் சரியாக எரியாது. மீதேன் செய்யும் கிருமிகள் அந்த ஹைட்ரஜனைச் சேரச் சேர விழுங்கி, மீதேனாக்கி அனுப்பிவிடுகின்றன. ஏப்பம் என்பது புகைபோக்கி. ஆட்டைப் பொறுத்தவரையில் மீதேன் ஒரு வியாதியல்ல. கெட்ட பழக்கமும் அல்ல. புல் சத்தாவதற்குக் கொடுக்கும் விலை.

இந்தக் கிருமிகளின் குலம் கோத்திரம் 1977-ல்தான் தெரிந்தது. அவை பாக்டீரியாக்களே அல்ல, தனியொரு வம்சம் என்று அமெரிக்காவில் கார்ல் வூஸ் என்பவர் காட்டினார். பூமியில் பிராணவாயுவே இல்லாத ஆதிகாலத்துக்கு ஏற்ற ஜீவன்கள். காற்று மாறியதும் சேற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் ஒதுங்கிவிட்டன. நம் கொட்டிலில் கட்டிய ஆடு, தன் வயிற்றுக்குள் உலகத்தின் பால்யத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அசைபோடுகிறது.

*

இதுவரை மீதேனை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றியவர்கள் முதலில் கணக்கப்பிள்ளைகள்தாம். ஆடு தின்னும் தீவனத்திலுள்ள சக்தியில் 100-க்கு ஆறு ஏழு பங்கு ஏப்பமாகப் போய்விடுகிறது. ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 25, 30 லிட்டர் மீதேன். எரியக்கூடிய நல்ல சக்தி காற்றோடு போகிறதே என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் கவலைப்பட்டதில் ஆச்சரியமில்லை! அங்கே ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் கென்னத் பிளாக்ஸ்டர் ஆடுகளைக் காற்றுப் புகாத அறைகளில் வைத்து, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்தார். எந்தத் தீவனத்துக்கு எவ்வளவு மீதேன் என்று முன்கூட்டியே சொல்லும் சூத்திரத்தை 1965-ல் கிளாப்பர்ட்டன் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். ஆளி விதை எண்ணெயில் இருப்பது போன்ற கொழுப்பு அமிலங்களை ஆட்டின் பெருவயிற்றில் செலுத்தினால் மீதேன் குறைகிறது என்று மறு வருஷம் அவரும் செர்க்காவ்ஸ்கியும் கண்டார்கள். 1967-ல் பாச்சப் என்பவர் குளோரோஃபாரம் போன்ற பொருள்கள் மீதேன் கிருமிகளை அடக்குவதாகக் காட்டினார். மயக்க மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்க முடியுமா? விஷயம் அத்துடன் நின்றது.

அந்தச் செர்க்காவ்ஸ்கி 1977-ல், பிரெக்கன்ரிட்ஜ் என்பவருடன் சேர்ந்து ஒரு செயற்கை வயிற்றையே செய்துவிட்டார். கண்ணாடிப் பாத்திரம், அதில் நைலான் பைகளில் தீவனம், ஒரு பக்கம் செயற்கை எச்சில் சொட்டுச் சொட்டாக விழும், மறு பக்கம் வாயு ஒரு பையில் சேரும். உண்மை ஆட்டின் வயிற்றிலிருந்து கொஞ்சம் சாறு உறை ஊற்றினால் போதும். வாரக்கணக்கில் அது அசைபோடாத ஆடாக வேலை செய்யும். 'ருஸிடெக்' என்று அதற்குப் பெயர். உலகத்தின் பல ஆராய்ச்சிச் சாலைகளில் இன்றும் அது புளித்துக்கொண்டிருக்கிறது. எத்தனையோ ஆடுகளுக்கு விலாவில் துவாரம் விழாமல் அது காப்பாற்றியிருக்கும்.

1980-களில் கூண்டும் மாறியது, குற்றச்சாட்டும் மாறியது. காற்றில் மீதேன் ஏறிக்கொண்டே வருகிறது என்று அளந்தவர்கள் சொன்னார்கள். கரியமில வாயுவைப் போல அதுவும் பூமியின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கும்; நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை சுமார் 28 மடங்கு பலமாகப் பிடிக்கும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் பெரும்பகுதி அழிந்துவிடும். 1986-ல், பின்னால் நோபல் பரிசு பெற்ற பால் குருட்ஸனும் அவருடைய சகாக்களும் உலகத்துப் பிராணிகள் அத்தனையின் ஏப்பத்துக்கும் கணக்கெழுதினார்கள். வருஷத்துக்குச் சுமார் 8 கோடி டன் என்று விடை வந்தது. அதில் பெரும்பங்கு மாடுகளுடையது. ஆடுகளுடையது சிறு பங்கு.

மனிதரைவிட ஆடுகள் அதிகமாக உள்ள நாட்டுக்கு இது சங்கடமான செய்தி. நியூஸிலாந்தில் 1982-ல் 7 கோடி ஆடுகள் இருந்தன. மனிதர்கள் சுமார் 32 லட்சம். 2003-ல் அந்நாட்டு அரசாங்கம், ஏப்பத்தைக் குறைக்கும் ஆராய்ச்சிக்காக விவசாயிகளிடம் ஒரு வரி வசூலிக்க எண்ணியது. பத்திரிகைகள் அந்த வரிக்கு வைத்த செல்லப் பெயரை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. வாயு வெளியேறும் இடத்தையும் அவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவரே பழைய டிராக்டர் ஒன்றை ஓட்டிக்கொண்டு பார்லிமெண்டுப் படிகளில் ஏறினார். வரி கைவிடப்பட்டது. 2022-ல் இன்னொரு அரசாங்கம் வேறு வடிவத்தில் அதே யோசனையைக் கொண்டுவந்தது. 2024-ல் அடுத்த அரசாங்கம் அதையும் கைவிட்டது.

இதற்கிடையே ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. எல்லா ஆடுகளும் ஒரே மாதிரி ஏப்பம் விடுவதில்லை. சில இயற்கையாகவே குறைவாக விடுகின்றன. அந்தக் குணம் குட்டிகளுக்கும் வருகிறது. அப்படிப்பட்டவற்றைப் பொறுக்கி இனம் பெருக்கி, மற்றவற்றைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் குறைவாக மீதேன் விடும் மந்தைகளை அந்நாட்டார் உண்டாக்கியிருக்கிறார்கள். குளோரோஃபாரம் கதையும் புது வேஷத்தில் திரும்பி வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு வகைச் சிவப்புக் கடற்பாசியை ஆடுகளின் தீவனத்தில் கலந்து கொடுத்தபோது மீதேன் 80 சதவிகிதம் வரை குறைந்தது. அந்தப் பாசியில் இருப்பது புரோமோஃபாரம். குளோரோஃபாரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன். 1967-ல் அலமாரியில் வைத்த ஏடு, அரை நூற்றாண்டு கழித்துக் கடலோரத்தில் கிடைத்தது. அது பிராணிக்கும் பாலுக்கும் கெடுதல் செய்யாத அளவு எது என்று இன்னும் சோதித்து வருகிறார்கள்.

*

குற்றவாளி யார் என்று முதலில் கேட்டேன். ஆடா? மனிதன் முதல் கல்லை அடுப்பாகக் கூட்டுவதற்கு லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அதன் முன்னோர் ஏப்பம் விட்டார்கள். அந்தக் காற்று உலகத்தைக் கெடுத்துவிடவில்லை. மேய்ப்பவனா? நமக்குப் பாலும் கம்பளியும் இறைச்சியும் கேட்டோம், அவன் வளர்த்தான். மனிதர் காரியத்தால் காற்றில் சேரும் மீதேனில் கால் பங்குக்குச் சற்று மேல் கால்நடைகளின் ஏப்பம். மீதி நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு, குப்பை மேடு, நாம் அன்றாடம் சோறு உண்ணும் நெல் வயல் இவற்றிலிருந்து வருகிறது. ஆட்டின் வாய்க்கு மூடி போட்டுவிட்டு, சுரங்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கணக்குத் தீர்ந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆட்டின் ஏப்பம் சிறிது என்று சொல்லி அதை விட்டுவிடுவதும் நியாயமாகாது. 1982-ல் 7 கோடியாக இருந்த நியூஸிலாந்தின் மந்தை இன்று ஏறக்குறைய இரண்டரைக் கோடியாகச் சுருங்கியிருக்கிறது. கம்பளிக்கு விலை இல்லாததும் பால் பண்ணைகள் பெருகியதும் அதற்கு முக்கிய காரணங்கள். யாரும் உலகத்தைக் காப்பாற்றுவதற்காக ஆட்டை விற்கவில்லை.

எனக்குக் கவலை தரும் விஷயம் வேறொன்று. புகைபோக்கியை அடைத்தால் புகைக்கு வேறு வழி வேண்டும். ஹைட்ரஜன் மீதேனாகப் போகாவிட்டால் வேறெங்கே போகிறது, அது ஆட்டின் உடம்புக்கு உரமாகிறதா, உபத்திரவமாகிறதா என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியின் நடுநாயகமான கேள்வி. அதற்கு விடை தருகிறவர்கள் குருபியைப் போல உற்றுப் பார்க்க வேண்டும். ஹங்கேட்டைப் போலப் பொறுமையாக இருக்க வேண்டும். பிராணியை அனுப்புகிற அறைக்குள் தாமும் போய் நின்ற பார்கிராஃப்ட்டின் மனமும் கொஞ்சம் இருந்தால் நல்லது. அப்படிப்பட்டவர்கள் நிமிஷத்துக்கு ஒரு ஏப்பமாக இப்போதும் எங்கேயோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆட்டுக்கு இந்த வழக்கு ஒன்றும் தெரியாது. அது வாயில் இருக்கும் கவளத்தை விழுங்கிவிட்டு, அடுத்த கவளத்துக்காகக் காத்திருக்கிறது.